பள்ளத்தூர் வீட்டு வைஃபையும் என் பழைய லேப்டாப்பும்

நேற்று இரவு 11.20க்குக் கடைசிக் கோப்பும் மேலேறி முடிந்தது. மொத்தம் 1,140 படங்கள், 8.6 ஜிபி. பதிவேற்றத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் ஒன்றரை மணி நேர வேலை. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வழி செய்ய எனக்கு ஐந்து நாள் ஆனது. எங்கெங்கே தவறான பக்கம் போனேன் என்பது மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். என் லேப்டாப்புக்கு மட்டும் வீட்டு வைஃபை தெரியாமல் போன இதே கோளாறு வேறு யாருக்காவது வந்தால் ஒரு நாளாவது மிச்சமாகட்டும்.

நண்பனின் பூர்வீக வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் இருக்கிறது. அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவனுடைய அம்மா மட்டும்தான். எல்லாரும் ஆச்சி என்று கூப்பிடுவோம். மேல்மாடியில் ஒரு மரப்பெட்டி நிறைய அவர்கள் குடும்பத்துப் பழைய கணக்கேடுகளும் கடிதங்களும் இருந்தன. கரையான் தொட ஆரம்பித்துவிட்டது என்று ஆச்சி சொன்னதும், பத்து நாள் தங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். ஸ்கேன் ஆகஆக நண்பனின் இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிவிட வேண்டும், அவன் அங்கிருந்து பார்த்துக்கொள்வான் என்று ஏற்பாடு.

லேப்டாப் என்னுடையது. அத்தை மகன் அமெரிக்காவில் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது, பன்னிரண்டு பதிமூன்று வருடப் பழையது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் வைஃபை கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும். ஆச்சி வீட்டு ரூட்டரும் இணைய நிறுவனம் கொடுத்த, 2.4 மட்டும் உள்ள சாதாரணப் பெட்டிதான். எனவே இதில் சிக்கல் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். ஆச்சியிடம் வைஃபை கேட்டபோது தன் போனைக் கையில் கொடுத்துவிட்டார். அதில் நெட்வொர்க்கைப் பகிரும் கியூஆர் கட்டத்தை எடுத்து என் போனில் ஸ்கேன் செய்தேன், உடனே இணைந்தது. லேப்டாப்பில் கேமரா பல நாளாக வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

நண்பன் போன வருடம் வந்தபோது பாஸ்வேர்டை ஆச்சியின் பால் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருந்தான். அவன் கையெழுத்தில் சைபரும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். நான்கு விதமாகத் தட்டிப் பார்த்தேன், நான்கும் தவறு. சரி, கியூஆர் கட்டத்துக்குள் பாஸ்வேர்ட் இருக்கத்தானே வேண்டும் என்று, படிக்க மட்டும் செய்யும் ஒரு செயலியில் அதைத் திறந்தேன். உள்ளே இருப்பது வெறும் எழுத்து வரிதான். எஸ் எழுத்துக்குப் பின்னால் நெட்வொர்க்கின் பெயர், டி எழுத்துக்குப் பின்னால் பாதுகாப்பு வகை, பி எழுத்துக்குப் பின்னால் பாஸ்வேர்ட். அதைப் பார்த்து அப்படியே தட்டினேன். அதுவும் தவறு என்றது.

கால் மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. பாஸ்வேர்டின் நடுவில் ஒரு அரைப்புள்ளி இருந்தது. அந்த எழுத்து வரியில் ஒவ்வொரு பகுதியையும் பிரிப்பதே அரைப்புள்ளிதான். அதனால் பாஸ்வேர்டுக்குள் வரும் அரைப்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்து எழுதுவார்கள். நான் அந்தச் சாய்கோட்டையும் சேர்த்துத் தட்டியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டுத் தட்டியதும் இணைந்துவிட்டது. காற்புள்ளி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு இவற்றுக்கும் இதே கதைதான். கியூஆரிலிருந்து பாஸ்வேர்டைப் படித்து எடுப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு முகப்பில் உட்கார்ந்தே இருபது படம் ஏற்றிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போன மின்சாரம் 2 மணிக்கு வந்தது. ரூட்டருக்கு பேட்டரி எதுவும் கிடையாது. மின்சாரம் வந்ததும் லேப்டாப்பைத் திறந்தால் ஆச்சி வீட்டு நெட்வொர்க்கின் பெயரே பட்டியலில் இல்லை. என் போனில் இருக்கிறது, ஆச்சியின் போனில் இருக்கிறது, டிவியில் ஏதோ ஓடிக்கொண்டும் இருக்கிறது. லேப்டாப்பில் மட்டும் இல்லை. பாஸ்வேர்ட் தவறு என்றால் பெயராவது தெரியும். இங்கே பெயரே காணோம்.

முதலில் சுவர்கள்மேல் பழி போட்டேன். அந்த ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு, பட்டாலை என்ற கூடம், நடுமுற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கதவு நிலையில் டேப் வைத்து அளந்தேன், சுவர் 22 அங்குலம். செங்கல்லும் சுண்ணாம்பும், அதன்மேல் கண்ணாடி மாதிரிப் பூச்சு. ரூட்டர் முகப்பில் டிவி பக்கத்தில் இருக்கிறது. நான் வேலை செய்வது வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போகும் வழியில் உள்ள அறையில். அதனால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வந்தேன், பட்டாலைக்கு வந்தேன், கடைசியில் ரூட்டருக்கு இரண்டடி தள்ளி நின்றேன். அங்கேயும் பெயர் இல்லை.

இரண்டடியில் தெரியாதது சுவரால் தெரியாமல் போகவில்லை. முதல் வேலையாக நேரே ரூட்டர் பக்கத்தில் போய் நின்றிருந்தால் சுவர் என்ற எண்ணமே வந்திருக்காது. மேசையை இடம் மாற்றி, ஸ்கேனர் ஒயரை நீட்டி, முக்கால் மணி நேரம் அதிலேயே போனது.

அடுத்து, மின்சாரம் வந்தபோது ஏதோ அடி வாங்கிவிட்டது என்று நினைத்தேன். லேப்டாப் அந்த நேரத்தில் பிளக்கில் மாட்டியிருந்தது. ஆன்டெனா ஒயர் கழன்றிருக்குமோ, கார்டே போய்விட்டதோ என்ற பயத்தில் சனிக்கிழமை மாலை அதைப் பிரித்தேன். எப்போதும் பையில் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பேன். அடியில் ஏழு திருகு, மூன்று நீளம், நான்கு குட்டை. ஒரு காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் கழற்றிய இடத்திலேயே குத்திவைத்தேன். நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் முறுக்கினால் மேற்பலகையில் புடைத்துக்கொண்டு வரும். ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். அப்புறம் கீபோர்டை மேலே தள்ளி எடுத்தால் கார்டு தெரியும். ஆன்டெனா ஒயர் இரண்டும் அவற்றுக்குரிய பொத்தான்களில் சரியாகவே அழுந்தியிருந்தன. இருந்தாலும் கழற்றி, பஞ்சால் துடைத்து, நகத்தால் அழுத்தி மாட்டினேன். க்ளிக் என்று ஒரு சின்ன சத்தம் வரும், அது வந்தால்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றையும் மூடி ஆன் செய்ய இரவு 9 மணி. பெயர் இல்லை.

அப்போதுதான் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரர்களுடைய பெயர் இருக்கிறது, தெருக்கோடிக் கடையின் பெயர்கூட மங்கலாக இருக்கிறது. கார்டு செத்திருந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? இந்தப் பெயர்கள் மதியத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் இல்லாத பெயரைத் தேடினேனே தவிர, இருக்கும் பெயர்களைப் பார்க்கவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். லேப்டாப் இரண்டே நொடியில் அதைப் பிடித்தது. ஆக கார்டு நலம், ஆன்டெனா நலம், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் நலம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இரண்டு மணி நேரம் திருகு கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை நின்றுவிடக் கூடாது என்று ஒரு இடைக்கால வழி செய்தேன். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி ஒயரால் லேப்டாப்பில் மாட்டி, டெதரிங் போட்டேன். ஆண்ட்ராய்டில் இப்படிச் செய்தால் போனின் மொபைல் டேட்டா செலவாகாது, வைஃபையில் வரும் இணையத்தையே ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. அவசரத்துக்கு மிக நல்ல வழி. ஆனால் போன் சூடாகிறது. நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் பதிவேற்றம் அறுந்துவிடுகிறது. ஏழு நாளைக்கு இதை நம்பி இருக்க முடியாது.

கோளாறு பிடிபட்டது அன்று மதியம்தான். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்று வைத்திருக்கிறேன், சுற்றிலும் உள்ள ஒவ்வொரு நெட்வொர்க்கின் சேனலையும் (அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த பாதை) வலுவையும் காட்டும். அதைத் திறந்தேன். எதிர் வீடு சேனல் 6. கடை சேனல் 1. ஆச்சி வீடு சேனல் 13, அதாவது 2472 மெகாஹெர்ட்ஸ்.

13 என்ற எண்ணைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கும் சாதனங்கள் பெரும்பாலும் 11 வரைதான் பேசும். என் லேப்டாப் அங்கே வாங்கியது. லினக்ஸில் ஐடபிள்யூ என்று ஒரு கட்டளை உண்டு, கார்டு எந்தெந்தச் சேனலைப் பிடிக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஓட்டிப் பார்த்தேன். 11 வரை எல்லாம் சரி. 12க்கும் 13க்கும் நேராக ‘முடக்கப்பட்டது’ என்று இருந்தது. ரூட்டரின் சேனல் தேர்வு தானியங்கி முறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அது 11க்குள் ஏதோ ஒரு சேனலில் இருந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் புதிதாகக் காற்றை ஆராய்ந்து 13க்குப் போய்விட்டது. போன்கள் கூடவே போயின. என் லேப்டாப்புக்கு அந்தச் சேனலைக் கேட்கும் காதே கிடையாது.

வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருப்பதையும் அதே கட்டளை காட்டியது. எப்போதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து நான்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும். இந்தியா என்று மாற்றினேன். ஆனாலும் 12, 13 முடக்கமாகவே இருந்தன. கார்டின் சொந்த நினைவகத்திலேயே சேனல் எல்லை எழுதப்பட்டிருக்கிறது. வெளியே நாம் சொல்லும் வட்டாரம் அந்த எல்லையைக் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. அந்த நினைவகத்தை மாற்றி எழுதச் சிலர் வழி சொல்கிறார்கள். அதில் நான் இறங்கவில்லை. அது உரிம விதிகளைத் தாண்டும் காரியம், கார்டு கெட்டால் மீட்கவும் வழியில்லை.

அடுத்து நான் செய்ததைச் செய்திருக்கவே கூடாது. ரூட்டரின் சேனலை 6 அல்லது 11க்கு மாற்றினால் போதும் என்று தெரிந்துவிட்டது. ஆச்சியிடம் கேட்டேன். “உனக்கு எது வசதியோ செஞ்சுக்க தம்பி” என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. போதுமானதாக இருந்திருக்கக் கூடாது. அந்த ரூட்டரை நம்பி வீட்டில் எது எது இருக்கிறது என்று ஆச்சிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்தவன் நண்பன் ஒருவன்தான். அவனுக்கு ஒரு செய்தி போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அதன் அமைப்புப் பக்கமான 192.168.1.1க்குள் போனேன். சேனலைத் தானியங்கியிலிருந்து 6க்கு மாற்றினேன். அதே பக்கத்தில் பாதுகாப்பு வகை என்று ஒரு பெட்டி இருந்தது. டபிள்யூபிஏ2 மட்டும் என்று இருந்ததை, டபிள்யூபிஏ2 உடன் அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 கலந்தது என்று மாற்றினேன். யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு கூடட்டுமே, இந்த வீட்டுக்கு நம்மால் ஒரு உபகாரம் என்ற எண்ணம். சேமித்தேன், ரூட்டர் அணைந்து எழுந்தது. லேப்டாப்பில் பெயர் வந்தது, இணைந்தது. ஆச்சியின் போனும் டிவியும் தானாகவே இணைந்தன. முடிந்தது என்று கணக்கேட்டுக்குத் திரும்பினேன்.

பதினொன்றரை மணிக்கு நண்பன் கூப்பிட்டான். குரலில் பதற்றம். “அம்மா நல்லா இருக்காங்களா? கேமரா ரெண்டு மணி நேரமா ஆஃப்லைன்னு காட்டுது. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாங்க.” ஆச்சி அப்போது கொல்லைப்பக்கம் கிணற்றடியில் இருந்தார், போன் முகப்பில் இருந்தது. வளவு உத்தரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன கேமரா இருப்பதையே நான் அதுவரை கவனிக்கவில்லை. எழுபத்திரண்டு வயது அம்மா தனியாக இருக்கும் வீடு. அவன் அங்கே வேலைக்கு நடுவில் ஒரு நாளைக்கு நாலு முறை அதைத் திறந்து பார்த்துக்கொள்வான். அந்த இரண்டு மணி நேரம் அவன் என்னவெல்லாம் நினைத்திருப்பான் என்று எண்ணினால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேமரா பழைய மலிவு வகை. அந்த மாதிரிச் சாதனங்கள் பலவும் டபிள்யூபிஏ3 கலந்த அமைப்பைப் பார்த்தால் குழம்பி இணையாமல் நின்றுவிடும். ஆனால் அது அப்போதே எனக்குத் தெளிவாகவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தேனே, கேமராவைத் தள்ளியது சேனலா பாதுகாப்பு வகையா? எது என்று ஆராய்ந்துகொண்டிருக்க அது நேரமில்லை. இரண்டையும் பழையபடி மாற்றினேன். நான்கு நிமிடத்தில் கேமரா எழுந்தது. நண்பனிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. “சனி ஞாயிறுல நானே உக்காந்து மாத்தறேன்டா, அதுவரை அதைத் தொடாதே” என்று மட்டும் சொன்னான். லேப்டாப் மறுபடி குருடானது.

செவ்வாய்க்கிழமை கோட்டையூர் வழியாகப் போகும் பேருந்தில் காரைக்குடி போனேன். ரூட்டரைத் தொடாமல் என் பக்கத்தை மட்டும் மாற்றுவது என்று முடிவு. கார்டை மாற்றலாம், ஆனால் என் லேப்டாப் மாடல் எல்லாக் கார்டையும் ஏற்காது; அனுமதித்த கார்டு இல்லையென்றால் தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். எனவே யூஎஸ்பி டாங்கிள், அதாவது வெளியே மாட்டும் குட்டி வைஃபை கார்டு. செக்காலை ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் விண்டோஸ் டிரைவர் சிடி இருக்கிறது என்றார்கள், லினக்ஸ் என்றதும் கையை விரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர் பொறுமையானவர். “லேப்டாப் கொண்டாந்திருக்கீங்கல்ல, இங்கயே போட்டுப் பாருங்க சார். புடிச்சா எடுங்க” என்றார். கடையின் வைஃபையை டிரைவர் எதுவும் போடாமலே பிடித்தது. 499 ரூபாய். விரல்நுனி அளவுதான் இருந்தது. இதே விலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவோடு இன்னொன்றும் இருந்தது. சின்னதாக அழகாக இருக்கிறதே என்று இதை எடுத்தேன். அது தவறான தேர்வு.

பள்ளத்தூர் திரும்பி மாட்டினால், ஆச்சி வீட்டுப் பெயர் அதிலும் இல்லை. ஐந்து நிமிடம் திகைத்துப் போனேன். அப்புறம் நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வட்டாரத்தை இந்தியா என்று மாற்றியது லேப்டாப்பை அணைத்து எழுப்பினால் போய்விடும் தற்காலிக மாற்றம். பழைய அமைப்புக் கோப்பில் அமெரிக்காவே எழுதியிருக்கிறது. அது இருக்கும்வரை டாங்கிளுக்கும் 13 மூடிய கதவுதான். கோப்பைத் திறந்து இந்தியாவுக்கான இரண்டெழுத்தைப் போட்டுச் சேமித்து, மறுபடி எழுப்பினேன். பெயர் வந்தது. உள்கார்டின் பட்டியலில் 13 இப்போதும் முடக்கம், டாங்கிளின் பட்டியலில் திறந்திருக்கிறது. ஒரே லேப்டாப், ஒரே அமைப்பு, இரண்டு கார்டுக்கு இரண்டு பதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கோளாறு எனக்கு முழுசாக விளங்கியது.

இப்போது சுவர் உண்மையாகவே குறுக்கே வந்தது. என் மேசையில் வலு மைனஸ் 83 டிபிஎம். இந்த எண் சுழியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 70க்குக் கீழே போனால் வேலை தள்ளாட ஆரம்பிக்கும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 1.2 மெகாபிட். மொத்தக் கோப்பும் ஏற 16 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்துகொண்டே இருந்தது. வீடு முழுக்க நடந்து அளந்தேன். ரூட்டர் பக்கத்தில் மைனஸ் 41. பட்டாலையில் மைனஸ் 55. வளவின் நடுவில், மேலே வானம் தெரியும் இடத்தில், மைனஸ் 62. என் அறை வாசலில் மைனஸ் 71, மூன்றடி உள்ளே வந்தால் மைனஸ் 80. முகப்பிலிருந்து வளவுக்குக் கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் அலை அதுவரை தடையில்லாமல் வருகிறது. என் அறைச் சுவர்தான் கடைசித் தடை.

அறைக்கு வளவைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு, தேக்குச் சட்டம், இரும்புக் கம்பி. டாங்கிளை அந்த ஜன்னலுக்குக் கொண்டுபோனால் போதும். மறுநாள் காலை கோட்டையூரில் 3 மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. யூஎஸ்பி 2 ஒயரில் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, 3 மீட்டரில் பயமில்லை. முதலில் கம்பியிலேயே ரப்பர் பேண்டால் கட்டினேன், மைனஸ் 74 வந்தது. கம்பி இரும்பு என்பதால் அதை ஒட்டிக் கட்டுவது நல்லதில்லை. ஒரு ஐஸ் குச்சியை ஜன்னல் சட்டத்தில் டேப்பால் ஒட்டி, அதன் நுனியில், கம்பிகளைத் தாண்டி நான்கு அங்குலம் வளவுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி டாங்கிளைக் கட்டினேன். மைனஸ் 66. வேகம் 14 மெகாபிட். இந்த நான்கு அங்குலம் கொடுத்த எட்டு டெசிபலை வேறு எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை. தேக்கில் பசை ஒட்டக் கூடாது என்று, பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பைத்தான் பயன்படுத்தினேன், எடுத்தபோது தடம் இல்லை.

மின்சாரம் போய் வந்ததால்தான் ரூட்டர் சேனல் மாறியது என்ற என் ஊகம் சரிதானா என்று பார்க்காமல் விட மனமில்லை. நண்பனிடம் சொல்லிவிட்டு, ஆச்சியின் சீரியல் முடிந்து படுத்த பிறகு, ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டேன். அமைப்பு எதையும் தொடவில்லை, சுவிட்ச் மட்டும்தான். முதல் முறை 13. இரண்டாம் முறையும் 13. மூன்றாம் முறை 6. 6 வந்த அந்த நொடியில் உள்கார்டின் பட்டியலில் பெயர் எட்டிப் பார்த்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீடியோ அழைப்பில் இருந்தபடியே சொல்லச்சொல்ல, சேனலை மட்டும் 11 என்று நிலையாக வைத்தோம். வேறெதையும் தொடவில்லை. எதிர் வீடு 6, கடை 1, ஆக 11 யாரோடும் மோதாது. ரூட்டர் எழுந்ததும் கேமரா, டிவி, ஆச்சியின் போன், மாடியில் இருந்த பழைய டேப்லட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அவன் சரி என்ற பிறகே அழைப்பை முடித்தான். திங்கட்கிழமை கேமராவைத் தள்ளியது பாதுகாப்பு வகைதான், சேனல் இல்லை என்பதும் அப்போது தெளிவானது. உள்கார்டு இப்போது ஆச்சி வீட்டைப் பிடிக்கிறது. ஆனால் என் அறையில் அது மைனஸ் 86தான், எனவே ஜன்னல் டாங்கிளிலேயே மீதி வேலையை முடித்தேன்.

செலவு: டாங்கிள் 499, ஒயர் 180, காகித டேப் 40, பேருந்துக்கு 60க்குள். மொத்தம் 780 ரூபாய்க்குப் பக்கம்.

அடுத்த முறை வேறு ஒருவர் வீட்டுக்கு இந்த லேப்டாப்போடு போனால், பெயர் தெரியவில்லை என்றதும் ரூட்டர் பக்கத்தில் போய் நிற்பேன், என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்ப்பேன், போனில் சேனல் எண்ணைப் பார்ப்பேன். மூன்றும் சேர்த்து ஐந்து நிமிடம். டாங்கிள் வாங்குவதானால் நீள ஆன்டெனா உள்ளதை வாங்குவேன். ரூட்டருக்குள் போக வேண்டி வந்தால் அதை அமைத்தவரைக் கேட்காமல் போக மாட்டேன், போனாலும் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவேன்.

இன்று காலை கிளம்பும்போது லேப்டாப்பிலும் போனிலும் சேமித்திருந்த அந்த நெட்வொர்க்கை அழித்தேன். பாஸ்வேர்டை வேண்டுமானால் மாற்றிவிடு என்று நண்பனுக்குச் செய்தியும் போட்டேன். மேல்மாடியில் இன்னொரு பெட்டி இருக்கிறது, தை மாதம் நீ திரும்பி வர வேண்டும், அதனால் மாற்றப்போவதில்லை என்று பதில் போட்டிருக்கிறான். ஆச்சியின் பால் கணக்கு நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, நெட்வொர்க்கின் பெயர், பாஸ்வேர்ட், சேனல் 11, மாற்றிய தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார்.

“இந்தச் சைபருக்குள்ள மட்டும் ஏன் தம்பி கோடு போட்டிருக்க?”

“அது ஓ இல்லைன்னு தெரியறதுக்கு, ஆச்சி.”

அவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கத்தின் முனையை மடித்துவைத்தார்.